பாலை நடுவே ஓர் ஊர்

மாணவ நண்பர்களே, உலகப் படத்தை விரித்து ஆஸ்திரேலியாக் கண்டத்தைப் பாருங்கள். கிழக்குக் கரையிலும் தென்கிழக்குக் கரையிலும் ஊர்ப் பெயர்கள் நெருங்கிக் கிடக்கும். உள்ளே செல்லச் செல்லப் பெயர்கள் அருகிக்கொண்டே வரும். நடுப்பகுதியை அடையும்போது, படம் வரைந்தவர் எழுதுவதற்கு ஒன்றும் இன்றிக் கையை எடுத்துவிட்டாரோ என்று நமக்குத் தோன்றும். அந்த வெற்றிடத்தின் ஓரத்தில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஒரு சிறு புள்ளியும் அதன் அருகே ஒரு பெயரும் காணப்படும். பெர்ட்ஸ்வில் என்பது அப்பெயர். அந்தப் புள்ளியைப் பற்றியும் அதைச் சூழ்ந்துள்ள நிலத்தைப் பற்றியும் சில செய்திகளை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2021ஆம் ஆண்டு எடுத்த மக்கள் கணக்கின்படி பெர்ட்ஸ்வில்லில் வாழ்வோர் 110 பேர். மாநிலத்தின் தலைநகராகிய பிரிஸ்பேன் கிழக்கே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் தென் ஆஸ்திரேலியாவின் எல்லை வந்துவிடும். இவ்வூர் அடங்கிய டயமண்டினா வட்டாரத்தின் பரப்பு சுமார் 95,000 சதுர கிலோமீட்டர். போர்ச்சுகல் நாட்டின் பரப்பைவிட இது சற்றே மிகுதி. ஆனால் அந்த வட்டாரம் முழுவதிலும் அதே கணக்கின்போது இருந்தவர்கள் 266 பேர்தாம். நிலத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு 350 சதுர கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும்! இத்தகைய உள்நாட்டுப் பகுதியைத்தான் ஆஸ்திரேலியர் 'அவுட்பேக்' என்று வழங்குகின்றனர்.

இவ்வளவு பரந்த நிலத்தில் இவ்வளவு குறைந்த மக்கள் வாழக் காரணம் என்ன? தண்ணீர் என்ற ஒரு சொல்லே அதற்கு விடை. பெர்ட்ஸ்வில்லில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாகப் பதினாறு பதினேழு சென்டிமீட்டர் அளவே. அதுவும் ஆண்டுதோறும் தவறாமல் பெய்யும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து கதிரவன் ஓராண்டில் ஆவியாக்கும் நீரின் அளவோ மூன்று மீட்டருக்கும் மேற்பட்டது. வரவைப்போல் பல மடங்கு செலவு. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இங்கே வெப்பம் 49.5 பாகை செல்சியசை எட்டியது. குவீன்ஸ்லாந்தில் பதிவான வெப்பங்களுள் மிக உயர்ந்தது அது.

ஊரைச் சுற்றியுள்ள நிலம் மூன்று வகைப்படும். மேற்கே இருப்பது மணல். சிம்ப்சன் பாலைவனம் அங்கே தொடங்குகிறது. அதன் மணல் மேடுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவை உழவுச் சால்களைப் போல ஒன்றுக்கொன்று இணையாக வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி ஓடுகின்றன. சில மேடுகள் இருநூறு கிலோமீட்டர் நீளம் வரை செல்கின்றன. ஊருக்கு மேற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் 'பெரிய சிவப்பு' என்று பெயர் பெற்ற மேடு ஏறத்தாழ நாற்பது மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மணல் மணியின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்துள்ள இரும்புத் துருவே அந்தச் சிவப்பு நிறத்துக்குக் காரணம்.

தெற்கிலும் தென்கிழக்கிலும் இருப்பது கல். 1844ஆம் ஆண்டு உள்நாட்டில் ஒரு பெருங்கடல் இருக்கும் என்று எண்ணிப் புறப்பட்ட சார்லஸ் ஸ்டர்ட் என்பவர், மறு ஆண்டில் கடலுக்குப் பதிலாக இந்தக் கல் வெளியைக் கண்டார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பன்னெடுங்காலத்துக்கு முன் நிலத்தின் மேல் இறுகிப்போன வன்மையான ஓடு வெடித்துச் சிதறி இக்கற்கள் உண்டாயின. காற்று மணலை வாரி அடித்து அடித்து அவற்றைத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறது. குதிரைக் குளம்பையும் வண்டிச் சக்கரத்தையும் அறுத்துவிடக்கூடிய நிலம் அது.

மூன்றாவது வகை கிழக்கிலும் வடக்கிலும் உள்ளது. அதற்குக் கால்வாய் நாடு என்று பெயர். மனிதர் வெட்டிய கால்வாய்கள் அல்ல. ஆறுகள் தாமே கிழித்துக்கொண்டவை. இந்நிலம் மிகவும் தட்டையாக இருப்பதால் ஆறு ஒரே கரைக்குள் அடங்கி ஓடுவதில்லை. பின்னிய கூந்தலை அவிழ்த்துவிட்டாற்போல நூற்றுக்கணக்கான சிறு கால்களாகப் பிரிந்து, மீண்டும் கூடி, மீண்டும் பிரிகிறது. டயமண்டினா, ஜார்ஜினா, கூப்பர் ஆகிய ஆறுகள் இவ்வாறு செல்கின்றன. டயமண்டினாவின் கரையில்தான் பெர்ட்ஸ்வில் அமைந்திருக்கிறது.

இந்த ஆற்றில் ஒரு விந்தை உண்டு. வானத்தில் ஒரு முகிலும் இல்லாத நாளில் பெருவெள்ளம் வரும்! வடக்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கோடைப் பருவ மழை கொட்டுகிறது. அந்த நீர் சரிவு மிகக் குறைந்த நிலத்தில் ஆமைபோல் ஊர்ந்து, பல நாள்களும் வாரங்களும் கழித்து இங்கே வந்து சேர்கிறது. வந்தால் ஆறு பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். சாலைகள் மறையும். ஊர் தீவாகும். வெள்ளம் வடிந்த பின்னரோ, வெடித்துக் கிடந்த களிமண்ணிலிருந்து புல் பொங்கி எழும். கால்நடைகளைக் கொழுக்க வைக்க அப்புல்லுக்கு இணையில்லை என்பது அந்நாட்டாரின் துணிபு.

புல் விளைந்தால் விதை மிகும். விதை மிகுந்தால் நீண்ட மயிர்களை உடைய ஒருவகை எலி பல்லாயிரமாகப் பெருகும். எலியைத் தேடி ஆந்தையும் பருந்தும் வரும். உள்நாட்டுத் தைப்பான் என்னும் பாம்பும் மிகும். நிலத்துப் பாம்புகள் அனைத்திலும் கொடிய நஞ்சு உடையது இதுவே. ஆயினும் மனிதரைக் கண்டால் ஒதுங்கும் இயல்பினது. 1879ஆம் ஆண்டில் முதன்முதலாக அறிஞர்கள் விவரித்த இப்பாம்பு பின்னர் நெடுங்காலம் அவர்கள் கண்ணில் படாமல் இருந்து, 1972இல் மீண்டும் அறியப்பட்டது. பிறகு வறட்சி வந்ததும் புல் கருகும், எலி மடியும், பறவை பறந்துவிடும். பெருக்கமும் சுருக்கமும் மாறி மாறி வருவதே இந்நிலத்தின் ஒழுங்கு. பருவத்துக்குப் பருவம் அளந்து தரும் இயற்கையையே கண்டு பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்காது.

எஞ்சிய நீர் தெற்கே சென்று, மிகப் பெரிய வெள்ள ஆண்டுகளில் கட்டி தண்டா என்னும் அயர் ஏரியை அடைகிறது. கடல் மட்டத்துக்குச் சுமார் பதினைந்து மீட்டர் தாழ்ந்த அந்த ஏரி, பெரும்பாலான ஆண்டுகளில் உப்புப் படிந்த வெளியாகவே கிடக்கும். 1974ஆம் ஆண்டில் அது ததும்பி நின்றது. ஆஸ்திரேலியக் கண்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீர் அந்த ஏரியை நோக்கியே வடிகிறது. அதில் ஒரு துளியும் கடலைக் காண்பதில்லை.

இத்தகைய நிலத்தில் ஐரோப்பியர் வருமுன் மனிதர் வாழவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். வாங்கங்குரு, யர்லுயண்டி என்னும் பழங்குடி மக்களின் நாடு இது. சிம்ப்சன் பாலைவனத்தின் நடுவிலேயே வாங்கங்குரு மக்கள் வாழ்ந்தனர். மணல் மேடுகளுக்கு இடையே, ஆள் நுழையும் அளவே அகலமுள்ள ஆழமான கிணறுகளைத் தோண்டி, ஊறும் நீரை எடுத்தனர். அக்கிணறுகளுக்கு 'மிக்கிரி' என்று பெயர். எந்த மிக்கிரி எங்கே இருக்கிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு செல்வது என்பதை அவர்கள் பாடல்களிலும் கதைகளிலும் பொதிந்து வைத்திருந்தனர். மறந்தால் உயிர் போகும் என்னும் இடத்தில் பாட்டே அவர்களுக்கு நிலப்படமாக இருந்தது.

அவர்கள் தனித்து வாழ்ந்தவர்களும் அல்லர். முல்லிகன் ஆற்றங்கரையில் விளைந்த 'பிச்சூரி' என்னும் செடியின் இலையைப் பதப்படுத்தி, பைகளில் இட்டு, பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பினர். அது புகையிலையைப் போன்ற ஊக்கம் தருவது. தெற்கேயிருந்து செங்காவியும் அரைக்கும் கற்களும் மாற்றுப் பண்டங்களாக வந்தன. பிற்காலத்தில் மாடு ஓட்டிகள் சென்ற வழிகளுட் பல, இந்தப் பழைய வாணிக வழிகளை ஒட்டியே அமைந்தன.

1886இல் டேவிட் லிண்ட்சே என்ற நிலஅளவையாளர் ஒரு வாங்கங்குரு மனிதரின் வழிகாட்டலால் ஒன்பது மிக்கிரிகளைக் கண்டார். அதற்குப் பின் பதினைந்து ஆண்டுகளுக்குள், 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், எஞ்சியிருந்த மக்களும் பாலைவனத்தை விட்டு வெளியேறிவிட்டனர். ஓரங்களில் தோன்றிய மாட்டுப் பண்ணைகளும் சமயத் தொண்டு நிலையங்களும் அவர்களை இழுத்தன; புது நோய்கள் பலரை மாய்த்தன. சிறுவனாக அவ்வாறு வெளியே நடந்து வந்தவர் மிக் மெக்லீன் இரின்யிலி என்பவர். முதுமையில் அவர் தம் நினைவிலிருந்த பாடல்களையும் ஊர்ப் பெயர்களையும் லூயிஸ் ஹெர்க்கஸ் என்ற மொழியியல் அறிஞருக்குச் சொல்லி வைத்தார். அந்த அம்மையார் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் வடமொழி கற்பித்தவர். நம் நாட்டின் பழைய மொழியைக் கற்ற ஒருவர், மறையவிருந்த ஒரு பாலைவன மொழியின் இலக்கணத்தை எழுதிக் காத்தார் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்க செய்தி.

இனி, ஊர் பிறந்த கதையைப் பார்ப்போம். 1880களில் இந்த ஆற்றுத் துறையில் பெர்ட்ஸ்வில் எழுந்தது. அக்காலத்தில் குவீன்ஸ்லாந்தும் தென் ஆஸ்திரேலியாவும் தனித்தனிக் குடியேற்ற நாடுகள். எல்லையைக் கடக்கும் மாடுகளுக்குச் சுங்கம் விதிக்கப்பட்டது. அதைத் தண்டும் சாவடியாக இவ்வூர் வளர்ந்தது. மூன்று விடுதிகளும் கடைகளும் தோன்றின. 1901இல் குடியேற்ற நாடுகள் ஒன்றாகி ஒரே அரசாயின. சுங்கம் ஒழிந்தது. அத்துடன் ஊரின் செழிப்பும் குன்றியது.

ஆயினும் வழி மறையவில்லை. வடக்கே வளர்ந்த மாடுகளைத் தெற்கே மாரீ என்னும் புகைவண்டி நிலையத்துக்கு ஓட்டிச் செல்லும் வழி அது. நீளம் சுமார் 520 கிலோமீட்டர். மாடு நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடக்கும் என்று கொண்டால் பயணம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இடையில் நீர் வேண்டுமே! 1890கள் முதல் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றாக ஆழ்துளைக் கிணறுகளை அரசு தோண்டியது. நிலத்தடியிலிருந்து நீர் தானே பீறிட்டு எழுந்தது.

பண்டங்கள் வந்தது ஒட்டகத்தின் முதுகில். 1866ஆம் ஆண்டில் கராச்சித் துறைமுகத்திலிருந்து 31 ஒட்டகக்காரர்களும் நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும் தென் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கினர். அவர்களுக்குப் பின் மேலும் பலர் வந்தனர். அனைவரையும் 'ஆப்கானியர்' என்றே அங்குள்ளோர் அழைத்தாலும், அவர்களுள் பலர் பலுச்சிஸ்தானத்தையும் சிந்துவையும் பஞ்சாபையும் சேர்ந்தவர்கள். மாவும் தேயிலையும் கம்பியும் கருவிகளும் இவர்கள் கொண்டுவந்து சேர்த்தவையே. மாரீயில் இவர்கள் கட்டிய சிறு மண் பள்ளிவாசல் அக்கண்டத்தின் மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று. இவ்வளவு உழைத்தும், நிறம் பார்த்து வகுத்த சட்டங்களால் இவர்களுட் பலருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. மோட்டார் வண்டி வந்தபோது ஒட்டகங்கள் பாலைவனத்தில் அவிழ்த்துவிடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே காட்டு விலங்குகளாகத் திரிகின்றன.

1936 முதல் டாம் குரூஸ் என்ற அஞ்சற்காரர் இவ்வழியில் பழைய லாரி ஒன்றில் கடிதமும் மளிகையும் கொண்டு சென்றார். மணல் மேட்டில் சக்கரம் புதைந்தால் இரும்புத் தகடுகளைக் கீழே இட்டு நகர்த்துவார். கூப்பரில் வெள்ளம் வந்தால் மூட்டைகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பார். அவருடைய பயணத்தைக் காட்டும் திரைப்படம் ஒன்று 1954இல் வெளிவந்து, வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் பெரும் பரிசு பெற்றது.

அஞ்சல் வரலாம், ஆனால் நோய் வந்தால் என்ன செய்வது? 1923இல் ஊரின் பழைய விடுதி ஒன்றில் செவிலியர் சிலர் மருத்துவ மனை தொடங்கினர். அதை நடத்திய திருச்சபை அமைப்பின் தலைவர் ஜான் ஃபிளின். நோயாளி இருக்குமிடத்துக்கு மருத்துவர் வானூர்தியில் பறந்து செல்ல வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. 1928 மே மாதத்தில் குவீன்ஸ்லாந்தின் குளோன்கரி ஊரிலிருந்து முதல் மருத்துவ வானூர்தி புறப்பட்டது. ஆனால் மருத்துவரை அழைப்பது எப்படி? தொலைபேசிக் கம்பி இல்லை, மின்சாரமும் இல்லை. ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். மிதிவண்டியை மிதிப்பதுபோல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கி, அதைக்கொண்டு செய்தி அனுப்பும் எளிய வானொலிக் கருவியை அவர் அமைத்தார். 1929 முதல் அது பண்ணை வீடுகளுக்கும் செவிலியர் இல்லங்களுக்கும் பரவியது. முதலில் தந்திக் குறியீடுகள் சென்றன. பின்னர் மனிதக் குரலே சென்றது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி பிறந்தது. ஒருவரை ஒருவர் கண்டிராத குழந்தைகள் ஒரே வகுப்பில் பாடம் கேட்டனர். வானொலியைப் பொழுதுபோக்குக் கருவியாக மட்டும் கருதுவோர் இச்செய்தியைச் சிந்திக்க வேண்டும். அந்த நாட்டில் அது உயிர் காத்த கருவி.

ஆனால் கருவிகள் பெருகியதனால் பாலையின் இயல்பு மாறிவிடவில்லை. 1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தாய், தந்தை, மூன்று மக்கள் என ஐவர் ஒரு மோட்டார் வண்டியில் மாரீயிலிருந்து வடக்கே புறப்பட்டனர். வழி தவறியது. எண்ணெய் தீர்ந்து வண்டி நின்றது. அவர்கள் வண்டியை விட்டு இறங்கி நடந்தனர். தேடிச் சென்றவர்கள் ஐவரையும் உயிருடன் காணவில்லை. அந்நிலத்தில் வாழ்வோர் இன்றும் வழிப்போக்கருக்குச் சொல்லும் முதல் அறிவுரை இது: வண்டி நின்றால் அதை விட்டு அகலாதீர்கள். வானிலிருந்து தேடுபவர் கண்ணுக்கு வண்டி தெரியும். நடந்து செல்லும் மனிதர் தெரிய மாட்டார். வண்டி நிழலும் தரும். வெயிலில் நடப்பவரோ உடலில் உள்ள நீரையே செலவிடுகிறார்.

தண்ணீரைச் செலவிடுவது தனி மனிதரின் சிக்கல் மட்டும் அன்று. பெர்ட்ஸ்வில்லுக்கு அடியில் பெரும் ஆர்ட்டீசியன் வடிநிலம் என்னும் நிலத்தடி நீர்த்தேக்கம் பரந்துள்ளது. அதன் பரப்பு 17 இலட்சம் சதுர கிலோமீட்டர். கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிழக்கு மலைத்தொடரில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கி, ஆண்டுக்குச் சில மீட்டர் வீதம் மேற்கு நோக்கி நகர்கிறது. மேலும் கீழும் நீர் புகாத பாறை அடுக்குகள் அதை அழுத்திப் பிடித்திருக்கின்றன. ஆகவே துளையிட்ட உடனே நீர் மேலெழுகிறது. அதன் சில பகுதிகளில் உள்ள நீர் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. பெர்ட்ஸ்வில் கிணறு ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் ஆழமானது. அதிலிருந்து வரும் நீரின் வெப்பம் 98 பாகை. ஆற வைத்த பிறகே அதைக் குழாய்களில் விடுகின்றனர். 1992 முதல் 2018 வரை அந்த வெப்பத்தைக் கொண்டே ஊருக்கு ஓரளவு மின்சாரமும் உண்டாக்கினர்.

இத்தகைய செல்வத்தை மனிதர் எவ்வாறு கையாண்டனர்? பண்ணைகளில் தோண்டிய கிணறுகள் பலவற்றை மூடாமல் இரவும் பகலும் ஓடவிட்டனர். திறந்த வாய்க்கால்களில் சென்ற நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆவியாகவும் கசிவாகவும் வீணாயிற்று. அழுத்தம் குறைந்தது. பல கிணறுகள் தாமே பொங்குவதை நிறுத்தின. பழங்குடி மக்களும் விலங்குகளும் பன்னெடுங்காலம் நம்பியிருந்த ஊற்றுகள் பல வறண்டன. நூறாண்டு கழித்து, 1999இல்தான் நடுவண் அரசும் மாநிலங்களும் நிலவுடைமையாளரும் கூடி, கிணறுகளுக்கு மூடி அமைத்துக் குழாய் பதிக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கினர். அதன் பயனாகச் சில இடங்களில் அழுத்தம் மீண்டும் உயர்ந்துவருகிறது. ஒரு நாளில் வீணாக்கிய நீரை மீண்டும் சேர்க்க நிலத்துக்கு எத்தனை ஆயிரம் ஆண்டுகள் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் இப்பணியின் அருமை விளங்கும்.

இன்றைய பெர்ட்ஸ்வில்லில் 1884இல் கட்டிய கல் விடுதி ஒன்று நிற்கிறது. சிறு பள்ளி, மருத்துவ நிலையம், வானூர்தித் தளம் ஆகியவை உண்டு. 1882இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் செப்டம்பர் மாதத்தில் நடைபெறும். அப்போது நூறு பேர் ஊரில் பல்லாயிரவர் கூடுவர். அதில் சேரும் பொருளில் ஒரு பகுதி பறக்கும் மருத்துவர் பணிக்குச் செல்கிறது. விழா முடிந்த மறுநாள் தூசி அடங்கும். ஊர் மீண்டும் தன் அமைதிக்குத் திரும்பும்.

நண்பர்களே, நிலப்படத்தில் பெயர் இல்லாத இடத்தை நாம் வெற்றிடம் என்று எண்ணிவிடுகிறோம். அங்கே மிக்கிரி தோண்டியவர்களின் அறிவும், ஒட்டகம் ஓட்டியவர்களின் உழைப்பும், இரவில் கருவியை மிதித்து உதவி கேட்ட செவிலியரின் துணிவும் படத்தில் வரையப்படவில்லை. அந்நிலத்தில் நிலைத்து வாழ்ந்தவர்கள் அனைவரும் ஒன்றை அறிந்திருந்தனர்: நீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அதில் தமக்கு உரியது எவ்வளவு என்பதை. அதை அறியாமல் சென்றவர்கள் உயிரை இழந்தார்கள். அறிந்தும் மறந்தவர்கள் ஊற்றுகளை இழந்தார்கள். அடுத்த முறை உலகப் படத்தைப் பார்க்கும்போது, அந்தச் சிறு புள்ளியின் மேல் உங்கள் விரலைச் சற்றே நிறுத்திப் பாருங்கள்.